வண்டி பார்க்கப் போனோம்

நான் குடியிருந்த மாடிக்குக் கீழே காலை ஆறரை மணிக்கெல்லாம் மெஷின் ஓட ஆரம்பித்துவிடும். துணி தைக்கிற மெஷின் அல்ல. ரெக்சினையும் தோலையும் மூன்று மடிப்பு சேர்த்துத் தைக்கிற கனத்த மெஷின். அது ஓடினால் என் அலமாரியில் இருக்கும் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக்கொள்ளும். குடிவந்த முதல் வாரம் எரிச்சலாக இருந்தது. அப்புறம் அது ஓடாத நாளில்தான் எழுந்திருக்காமல் தூங்கிப்போய் வேலைக்குத் தாமதமாகப் போனேன்.

அந்த மெஷினை ஓட்டுகிறவரை அக்கா என்று கூப்பிடுவேன். கார் சீட்டு, லாரி சீட்டு, பல் ஆஸ்பத்திரி நாற்காலி என்று மனிதர் உட்காருகிற எதுவானாலும் கிழிந்தால் அக்காவிடம்தான் வரும். பழைய உறையைப் பிரித்த கையோடு அதில் இத்தனை வருஷம் உட்கார்ந்தவரைப் பற்றிச் சொல்லிவிடுவார். "இந்த ஆளு பர்ஸைப் பின் பாக்கெட்டுல வெச்சுக்கிட்டே ஓட்டியிருக்காரு. இடுப்பு வலின்னு எந்த டாக்டர்கிட்டப் போனாலும் தீராது. முதல்ல பர்ஸை எடுக்கச் சொல்லு" என்பார். வண்டியை எடுக்க வருகிற ஆளும் இடுப்பைப் பிடித்துக்கொண்டேதான் வருவார்.

அக்காவின் வீட்டுக்காரர் டவுன் பஸ் ஓட்டினார். எங்கள் தெருவுக்கே அவர் டிரைவர் அண்ணன். நான் அவருடைய பஸ்ஸில் பல தடவை போயிருக்கிறேன். நின்றுகொண்டு போகிறவர்கள் கம்பியைப் பிடிக்க மறந்துபோகிற அளவுக்கு ஓட்டுவார். பிரேக் போடுவது தெரியாது. பஸ் நின்றிருப்பது மட்டும் தெரியும். வீட்டிலும் அப்படித்தான். கதவைச் சாத்தினால் சத்தம் வராது. பேச்சும் குறைவு. அவர் ஒரு விஷயத்தை இரண்டு தடவை சொல்லி நான் கேட்டதில்லை.

அவர்களுக்கு ஒரே மகள். இருபத்தாறு வயது. வீட்டில் பாப்பா, தெருவில் லிஃப்ட்டு. அடுக்குமாடிகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் லிஃப்ட் பழுது பார்க்கிற கம்பெனியில் மெக்கானிக். என்னை மாமா என்று கூப்பிடுவாள். நான் காது கேட்கும் கருவி விற்கிற கடையில் வேலை பார்க்கிறேன். ஒரு தடவை எங்கள் கட்டடத்து லிஃப்ட் மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவே நின்றுவிட்டது. உள்ளே எங்கள் கடைக்கு வந்த ஒரு பெரியவர், கருவி இன்னும் வாங்காதவர். என்ன நடந்தது என்றும் அவருக்குத் தெரியவில்லை, வெளியிலிருந்து கத்துவதும் கேட்கவில்லை. பாப்பா வந்தாள். கதவின் இடுக்கில் வாயை வைத்துக் கத்தவில்லை. தன் டார்ச் விளக்கை இடுக்கு வழியாக உள்ளே அடித்து, அவர் முகத்தில் படாமல், சுவரில் மெதுவாக மேலும் கீழும் ஆட்டினாள். யாரோ இருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரிந்தால் போதும் என்றாள். அப்புறம் மொட்டை மாடி மோட்டார் அறைக்கு ஏறிப் போய், கையாலேயே சக்கரத்தைச் சுற்றி லிஃப்ட்டை இறக்கினாள். வெளியே வந்த பெரியவர், "சினிமா மாதிரி விளக்கு ஓடிச்சும்மா" என்றார். அன்றிலிருந்து அவள் மேல் எனக்கு ஒரு மரியாதை.

இந்த வேலைக்கு அவள் பஸ்ஸில்தான் போய்க்கொண்டிருந்தாள். தோளில் தொங்கும் கருவிப் பையை நான் ஒரு நாள் தூக்கிப் பார்த்துவிட்டு உடனே கீழே வைத்துவிட்டேன். ஊரின் இந்தக் கோடியில் ஒரு லிஃப்ட், அந்தக் கோடியில் ஒரு லிஃப்ட். மழைக்காலம் வந்ததும் அழைப்புகள் இரண்டு மடங்காகும். அந்த வருஷ மழையில் ஒரு நாள், பிரசவ ஆஸ்பத்திரியில் லிஃப்ட் நின்று, உள்ளே ஒரு நர்ஸும் தள்ளுவண்டியில் ஒரு பெண்ணும் மாட்டிக்கொண்டார்கள். பாப்பா மூன்று பஸ் மாறிப் போய்ச் சேர ஒன்றேகால் மணி நேரமானது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்று வீட்டுக்கு வந்தவள் ஈரச் சட்டையை மாற்றாமல் வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். "அந்தப் பொண்ணு என்கிட்ட ஒரு வார்த்தை கோவிச்சுக்கல மாமா. அதான் தாங்கல" என்றாள்.

அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் அவள் விஷயத்தைச் சொன்னாள். சனிக்கிழமைகளில் நான் கீழேதான் சாப்பிடுவேன். பதிலுக்குப் பாத்திரங்களைக் கழுவிக்கொடுப்பேன். மேஜையில் ரொட்டியும் முட்டையும் சூடான சூப்பும் இருந்தன.

"அப்பா, நான் ஒரு மோட்டார் சைக்கிள் பாத்து வெச்சிருக்கேன்."

அண்ணன் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். கை நின்றது.

"மிருக ஆஸ்பத்திரிக்கு லிஃப்ட் பாக்கப் போனேன்ல, அங்க இருக்கற டாக்டரம்மாவோட வண்டி. இத்தாலி வண்டி. பழசுதான். ஆனா அதுல செயினே கிடையாதுப்பா. இரும்புத் தண்டு சுத்தி அதுலதான் சக்கரம் ஓடுது. நம்ம பஸ்ஸுல இருக்கற மாதிரி. மழையில செயின் துருப்பிடிக்கும், அறுந்துரும்ங்கற பேச்சே இல்ல. பைய ரெண்டு பக்கமும் பெட்டியில வெச்சுக்கலாம்."

"இத்தாலிக்காரன் வண்டிக்கு இங்க சாமான் கிடைக்குமாடி?" என்றார் அக்கா, பேச்சு நின்றுபோகாமல் இருக்க.

"எங்க கம்பெனி பாக்கற லிஃப்ட்டுல பாதி இத்தாலிதாம்மா. சாமான் வரவழைக்கற வழி எனக்குத் தெரியும்."

அண்ணன் எழுந்தார். தட்டில் பாதி ரொட்டி அப்படியே இருந்தது. சாப்பாட்டை வீணாக்குகிற ஆள் இல்லை அவர். அந்தப் பாதியை ஒரு துணியில் சுற்றி வைத்தார், தட்டைத் தானே கழுவினார், உள்ளே போனார். கதவு சத்தமில்லாமல் மூடிக்கொண்டது.

பாப்பா அழவில்லை. சூப்பை முழுக்கக் குடித்தாள். பிறகு மூடிய கதவைப் பார்த்து, கொஞ்சம் குரலை உயர்த்திச் சொன்னாள்: "அப்பா, நீங்க வேணாம்னு சொன்னா வாங்கமாட்டேன். சத்தியமா வாங்கமாட்டேன். ஆனா ஒரு தடவை வந்து பாத்துட்டுச் சொல்லுங்க. பாக்காம சொல்லாதீங்க."

மூன்று நாள் போனது. அண்ணன் வேலைக்குப் போனார், வந்தார். மழை பெய்தது.

நான்காம் நாள் எனக்கு விடுமுறை. கீழே போய் அக்காவின் மெஷினுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தேன். அக்கா ஒரு லாரி சீட்டுக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தார். அவரே சொன்னார்.

"எட்டு வருஷம் ஆச்சு. நீ அப்ப இங்க வரல. மார்க்கெட் முக்குல சிக்னல் விழுந்துச்சு. இவரு திருப்பினாரு. பஸ்ஸுக்கும் நடைபாதைக்கும் நடுவுல ஒரு பையன் மோட்டார் சைக்கிள்ல நுழைஞ்சிட்டான். பையன்னா, முப்பது வயசு இருக்கும். ரெண்டு குழந்த. அங்கயே போயிட்டான்." மெஷினை நிறுத்தி நூலை வெட்டினார். "விசாரணை வெச்சாங்க. டிரைவர் மேல தப்பு இல்லன்னு எழுதிக் குடுத்தாங்க. நாலு மாசம் வீட்டுல இருந்தாரு. அப்புறம் ஒரு நாள் காலையில யூனிஃபார்மைப் போட்டாரு, கிளம்பிட்டாரு. நான் ஏன்னு கேக்கல. அவரும் சொல்லல. அதே ரூட்டு. இன்னைய வரைக்கும் அந்த முக்குல தினம் பதினாறு தடவை திரும்பறாரு."

"உங்ககிட்ட எதுவும் பேசினதில்லையா?"

"ஒரு வார்த்தை இல்ல. நான் சொன்னதெல்லாம் விசாரணைக்குப் போனப்பக் கேட்டது." மறுபடி மெஷினை மிதித்தார். பிறகு சத்தத்துக்கு மேலாகச் சொன்னார்: "அவரு கோவிச்சுக்கிட்டா எனக்குப் பயமில்ல தம்பி. இப்படி இருக்கறதுதான் பயமா இருக்கு."

அன்று சாயங்காலம் அண்ணன் வேலை முடிந்து வந்தார். காலணியைக் கழற்றிக்கொண்டே, யாரையும் பார்க்காமல், "ஞாயித்துக்கிழமை எத்தனை மணிக்கு?" என்றார்.

நான்கு பேரும் பஸ்ஸில் போனோம். என்னை ஏன் கூப்பிட்டார்கள் என்றால், "வண்டிச் சத்தத்த நீங்க கேட்டுச் சொல்லுங்க மாமா, உங்க தொழில்தானே" என்று பாப்பா ஒற்றைக்காலில் நின்றாள். என் தொழில் கேட்பதல்ல, கேட்காதவர்களுக்கு விற்பது என்று சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. பஸ்ஸில் அண்ணன் முதல் வரிசையில் உட்கார்ந்தார். வேறு யாரோ ஓட்டுகிற பஸ். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் முன்னால் அவருடைய வலது கால் தரையை அழுத்தியது.

மிருக ஆஸ்பத்திரிக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை. அதில் வைக்கோல் கட்டுகளுக்குப் பக்கத்தில் அது நின்றது. அடர்ந்த பச்சை, பழைய பாட்டில்களில் பார்க்கிற பச்சை. இரண்டு சிலிண்டர்களும் ஆளுக்கொரு பக்கம் துருத்திக்கொண்டு, இடுப்பில் இரண்டு கையையும் வைத்து நிற்கிறவள் மாதிரி இருந்தது. இருபத்திரண்டு வருஷத்து வண்டி என்று யாரும் சொல்லமாட்டார்கள். துடைத்துத் துடைத்து ஓரங்களில் மட்டும் வண்ணம் மெலிந்து உலோகம் எட்டிப் பார்த்தது.

டாக்டரம்மா கைத்தடி ஊன்றி வந்தார். அறுபதுக்கு மேல் வயது. வெள்ளை முடியை ஒட்ட வெட்டியிருந்தார். அண்ணன் அவரைப் பார்த்துவிட்டு, வண்டிக்காரர் வருவாரோ என்று அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"நான்தாங்க ஓட்டினது" என்றார் டாக்டரம்மா சிரித்துக்கொண்டே. "பதினெட்டு வருஷம். மாடு கன்னு போடுதுன்னு கூப்பிட்டா காருக்காகக் காத்திருக்க முடியுமா?"

பாப்பா முழங்காலிட்டுவிட்டாள். இனி அவளைப் பிடிக்க முடியாது. என்னை வண்டியின் பின்பக்கத்தை அழுத்தச் சொல்லி, முன் சக்கரம் தூக்கி நின்றதும் ஹேண்டில்பாரை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒரு விரலால் தள்ளிப் பார்த்தாள். பிரேக் தட்டை நகத்தால் தடவினாள். எஞ்சின் அடியில் காகிதத்தை வைத்து ஆயில் சொட்டுகிறதா என்று பார்த்தாள். முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் ஒரு பக்கம் மட்டும் ஈரம் கசிந்திருந்தது. விரலை வைத்து முகர்ந்தாள். "ஆயில் கசியாம அடைக்கற சீல் போயிருக்கு டாக்டரம்மா. வேற ஒண்ணும் இல்ல" என்றாள்.

"அதை நானே சொல்லணும்னு இருந்தேன். நீ கண்டுபிடிக்கறியான்னு பாத்தேன்."

அக்கா சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் கையை விரித்து அழுத்தினார். பிறகு உட்கார்ந்து பார்த்தார். இறங்கி மறுபடி அழுத்தினார். முகம் மாறியது.

"பாப்பா, இங்க வா." குரலைத் தாழ்த்தினார். "இந்தச் சீட்டு இடது பக்கம் செத்துப்போயிருக்கு. வலது பக்கம் புதுசு மாதிரி நிக்குது. நேரா இருக்கற வண்டியில யாரும் இப்படி உக்கார மாட்டாங்க. எங்கயோ பலமா அடிபட்டு, சட்டம் வளைஞ்சிருக்கு. மறைக்கறாங்க."

பாப்பா பையிலிருந்து நூல் உருண்டையை எடுத்தாள். லிஃப்ட் ஓடுகிற தண்டவாளம் நேராக இருக்கிறதா என்று பார்க்கிற நூல் அது. என்னை ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லி, பின் சக்கரத்திலிருந்து முன் சக்கரம் வரை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்துப் பார்த்தாள். ஒரு கண்ணை மூடி, மண்ணில் படுத்தே பார்த்தாள். எழுந்தாள்.

"சட்டம் நேராத்தான் இருக்கும்மா. ஒரு மயிரிழை கூடப் பிசகல."

"அப்ப இது?"

டாக்டரம்மா எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கைத்தடியை இன்னொரு கைக்கு மாற்றினார். "வளைஞ்சது வண்டி இல்லம்மா, நான்" என்றார். "வலது இடுப்பு எலும்பு தேஞ்சு போச்சு. மூணு வருஷம் யார்கிட்டயும் சொல்லல. சொன்னா ஓட்டாதன்னுவாங்க. எடையெல்லாம் இடது பக்கம் போட்டே ஓட்டினேன். ஆபரேஷன் பண்ணின டாக்டருக்குக் கூட இது தெரியாது. நீங்க சீட்டத் தொட்டே சொல்லிட்டீங்க."

அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. "தப்பா நெனச்சுட்டேன், மன்னிச்சுக்குங்க" என்றார். பிறகு சும்மா இருக்க முடியாமல், "மூணு வருஷமா? எப்படித்தான் பொறுத்தீங்க?" என்றார். இரண்டு பேரும் வைக்கோல் கட்டில் உட்கார்ந்து இடுப்பு வலியைப் பற்றி அரை மணி நேரம் பேசினார்கள்.

பாப்பா வண்டியைக் கிளப்பினாள். அதிர்வு என் உள்ளங்காலில் ஏறியது. தடித்த, ஆழமான சத்தம். ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்டது. ஆக்ஸிலரேட்டரைத் திருகியதும் எஞ்சின் சுழன்ற வேகத்தில் நின்ற இடத்திலேயே முழு வண்டியும் வலது பக்கம் ஒரு தோள் இடி இடித்தது. பாப்பா சிரித்துவிட்டாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அண்ணன் மட்டும் வாசல் கம்பிக் கதவருகே நின்றிருந்தார். வந்ததிலிருந்து ஓர் அடி உள்ளே வைக்கவில்லை.

சத்தம் அடங்கியதும் டாக்டரம்மா தடியை ஊன்றி அவரிடம் போனார். "உங்களுக்கு ஏதாச்சும் கேக்கணுமா?"

அண்ணன் கொஞ்ச நேரம் வண்டியைப் பார்த்தார். "எத்தனை தடவை விழுந்தீங்க?"

"ரெண்டு தடவை. ஒண்ணு சேத்துல. இன்னொண்ணு ஒரு நாய் குறுக்க வந்து. நாய்க்கு ஒண்ணுமில்ல, எனக்கு மணிக்கட்டு."

"டவுன் பஸ் பக்கத்துல வந்தா என்ன பண்ணுவீங்க?"

டாக்டரம்மா யோசிக்கவே இல்லை. "டிரைவரோட முகத்தைத் தேடுவேன். அவரோட கண்ணாடியில அவர் முகம் எனக்குத் தெரியுதான்னு பாப்பேன். எனக்கு அவர் முகம் தெரியலன்னா, அவருக்கு நான் தெரியலன்னு அர்த்தம். அப்ப பிரேக்க அழுத்தி பின்னாடி வந்துருவேன். எத்தனை அவசரமா இருந்தாலும்."

அண்ணனுடைய கை கம்பிக் கதவைப் பிடித்தது. கதவு லேசாகக் கிறீச்சிட்டது. பிறகு கதவைத் தாண்டி உள்ளே வந்தார். வண்டியைத் தொடவில்லை.

"இத அடுத்த ஞாயித்துக்கிழமை ஒரு காலைக்குக் குடுப்பீங்களா?"

"தாராளமா. ஓட்டிப் பாக்காம வாங்கறவங்களுக்கு நான் கொடுக்கறதாவும் இல்ல."

அவர் என்ன நினைக்கிறார் என்று அந்த வாரம் முழுக்க யாருக்கும் புரியவில்லை. "கேளுங்கக்கா" என்றேன். "கேட்டா மட்டும் கொட்டிருவாரா?" என்றார் அக்கா.

ஞாயிறு காலை மழை விட்டிருந்தது. பாப்பா போய் வண்டியைக் கொண்டு வந்தாள். டாக்டரம்மா இரண்டு ஹெல்மெட் கொடுத்தனுப்பியிருந்தார். அக்காவுக்கு அவசர வேலை இருந்ததால் வரவில்லை. அண்ணன் என்னைப் பார்த்து, "தம்பி, நீங்க வரணும். கோடு போட ஆள் வேணும்" என்று ஒரு சாக்பீஸ் டப்பாவை என் கையில் கொடுத்தார். அக்காவின் கடையிலிருந்து ஒரு மெத்தைத் திண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். நாங்கள் இருவரும் நடந்தோம். பாப்பா முன்னால் போய்க் காத்திருந்தாள்.

பஸ் டெப்போவில் அன்று கூட்டம் இல்லை. ஃபோர்மேன் சாவியைக் கொண்டு வந்து கொடுத்தார். ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. அண்ணன் ஒன்று கேட்டால் காரணம் இருக்கும் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். பஸ் கழுவுகிற முற்றத்தில் ஒரு பழைய பஸ் நின்றிருந்தது. சிமெண்டுத் தரை பாதி காய்ந்து பாதி ஈரமாக இருந்தது.

"பாப்பா, மேல ஏறி என் சீட்டுல உக்காரு."

அவள் ஏறினாள். அண்ணன் பின்னாலேயே ஏறி, திண்டை அவளுக்கு அடியில் வைத்தார். தன் கண் எந்த உயரத்தில் இருக்கும் என்று முதலில் தான் உட்கார்ந்து ஜன்னல் சட்டத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டிருந்தார். அவள் கண் அந்தக் கோட்டுக்கு வரும் வரை சீட்டை ஏற்றினார். கீழே இறங்கி வந்து கண்ணாடிகளை ஒவ்வொன்றாகத் திருப்பினார். கால் மணி நேரம் ஆனது.

"இப்ப நீ டிரைவர். நான் மோட்டார் சைக்கிள். எந்திரிக்கக் கூடாது. தெரிஞ்சா தெரியுதுன்னு சொல்லு. தெரியலன்னா தெரியலன்னு சொல்லு. எனக்காகச் சொல்லாத. உள்ளதச் சொல்லு."

இருநூறு கிலோவுக்கு மேல் இருக்கிற வண்டி. எஞ்சினைப் போடாமல் அவர் கையால் தள்ளினார். நான் உதவிக்குப் போனேன். வேண்டாம் என்று தலையசைத்தார். முதலில் பஸ்ஸுக்கு நேர் பின்னால் நின்றார்.

"தெரியறேனா?"

"தெரியலப்பா."

நான் தரையில் புள்ளி வைத்தேன். இரண்டு அடி பக்கவாட்டில் தள்ளினார்.

"இப்ப?"

"பாதி. ஹேண்டில்பார் தெரியுது."

புள்ளி. இப்படியே பஸ்ஸைச் சுற்றி வந்தார். டிரைவர் பக்கம், முன்பக்கம், கண்ணாடிக்கு நேர் கீழே. ஒவ்வொரு இடத்திலும் அதே கேள்வி. அவருடைய சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. மூச்சு வாங்கியது. ஆனாலும் ஒரு இடத்தைக்கூட விடவில்லை. பஸ்ஸில் ஏறுகிற பக்கத்தைத்தான் கடைசிக்கு வைத்திருந்தார். பின் சக்கரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் வந்தார். தெரிந்தார், பாதி தெரிந்தார். முன் கதவுக்கும் முன் சக்கரத்துக்கும் பக்கத்தில் வந்ததும் நின்றார். அங்கே வண்டியை நிறுத்துவதற்கு மட்டும் ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். அரை அடி பின்னால் இழுத்தார். கால் அடி முன்னால் தள்ளினார். அந்த இடம் அவருக்கு அளவு பிசகாமல் தெரியும் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"தெரியறேனா?"

மேலிருந்து வந்த குரலில் பழைய சுறுசுறுப்பு இல்லை. அவளுக்கும் புரிந்துவிட்டது.

"தெரியலப்பா."

"நல்லாப் பாரு. சின்னக் கண்ணாடியிலயும் பாரு."

"பாத்துட்டேன். தெரியல."

"தலையைத் திருப்பி கதவு வழியாப் பாரு."

"கதவுக் கம்பிதான்பா தெரியுது."

"எந்திரிக்காம பாத்தியா? வளைவுல எந்திரிக்க முடியாது."

"எந்திரிக்கலப்பா. சாஞ்சு கூடப் பாத்துட்டேன். நீங்க இல்ல." குரல் உடைந்தது, ஆனால் சொல்லி முடித்தாள். "அங்க யாருமே இல்லப்பா."

அண்ணன் ஹேண்டில்பாரைப் பிடித்தபடியே நின்றார். தலை குனிந்திருந்தது. எங்கோ குழாயிலிருந்து தண்ணீர் சொட்டியது. எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. தரையில் இருந்த புள்ளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாப்பா இறங்கி ஓடி வருவாள் என்று நினைத்தேன். அவள் வரவில்லை. எந்திரிக்கக் கூடாது என்று அவர் சொல்லியிருந்தார். அவர் சொல்லும் வரை அந்தச் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"தம்பி" என்றார் கடைசியில். "புள்ளியெல்லாம் சேத்துக் கோடு போட்டுருங்க."

நான் மண்டியிட்டுக் கோடு போட்டேன். பஸ்ஸைச் சுற்றி ஒரு கோணல்மாணலான வளையம் வந்தது. அண்ணன் மகளைக் கீழே கூப்பிட்டு, அவள் கையைப் பிடித்து அந்த வளையத்தை ஒரு சுற்று நடத்திக் கூட்டிப்போனார்.

"இந்தக் கோட்டுக்குள்ள நிக்கவே நிக்காத. எந்த பஸ்ஸா இருந்தாலும். ஓட்டறது நானா இருந்தாலும்."

"சரிப்பா."

"முகம் தெரியணும்."

"சரிப்பா." பிறகு அவள் சொன்னாள்: "அப்பா, இப்பவும் சொல்றேன். வேணாம்னா வேணாம். எனக்கு வருத்தமில்ல."

"வேணாம்னு சொல்லத்தான் அன்னைக்கு வந்தேன்." சட்டையின் கையால் முகத்தைத் துடைத்தார். "நீ ரோட்டுல எங்கயாச்சும் இருக்கத்தான போற. நான் கண்ண மூடிக்கிட்டா இல்லாமப் போயிருவியா? வாங்கிக்க. அந்த டாக்டரம்மாவும் நீ படுத்துக்கிட்டு நூல் பிடிச்சதப் பாத்தாங்கல்ல? நானும் பாத்தேன். கதவுகிட்ட இருந்தே பாத்தேன். அந்த வண்டியில நல்ல சாமானெல்லாம் இருக்கு. நீயும் வேலை தெரிஞ்ச ஆளு."

வாழ்நாளில் அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. பாப்பாவும் கேட்டிருக்கமாட்டாள். அவள் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள்.

"எடு வண்டிய. நான் பின்னாடி உக்காரறேன்."

ஏறுவதற்கு அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. காலைத் தூக்கினால் பெட்டியில் இடித்தது. ஹெல்மெட்டைப் பின்பக்கம் முன்பக்கமாகப் போட்டுக்கொண்டார். ஃபோர்மேன் வந்து காலைத் தூக்கி ஏற்றி விட்டு, "அண்ணே, பஸ்ஸு மாதிரி மணி அடிச்சா நிக்காது, பாத்துக்குங்க" என்றார். அண்ணன் மகளுடைய தோள் இரண்டையும் பிடித்துக்கொண்டார். வண்டி வலது பக்கம் ஒரு இடி இடித்ததும் கண்ணை இறுக மூடினார். முற்றத்தைத் தாண்டி வெளி வாசலுக்குப் போவதற்குள் திறந்துவிட்டார். அதை நான் பார்த்தேன். பாப்பா வாசலில் நிறுத்தி, இரண்டு பக்கமும் இரண்டு தடவை பார்த்துவிட்டு, முட்டை ஏற்றிய வண்டி மாதிரி ரோட்டில் இறங்கினாள். அண்ணனுடைய ரத்தம் என்று யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நான் பஸ்ஸைத் துடைத்துச் சாவியைக் கொடுத்துவிட்டு, திண்டை எடுத்துக்கொண்டு நடந்து வீடு வந்து சேர முக்கால் மணி நேரம் ஆனது. வெயில் வந்திருந்தது. வாசலில் பச்சை வண்டி நின்றது. பாப்பா உள்ளே போகாமல் வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். நான் ஏதோ கேட்க வாயெடுத்தேன். அவள் உதட்டில் விரலை வைத்தாள்.

மெஷின் ஓடவில்லை. பகல் பதினொரு மணிக்கு அந்த வீட்டில் மெஷின் ஓடாமல் நான் கண்டதில்லை. உள்ளேயிருந்து அண்ணனுடைய குரல் வந்தது. என்ன சொல்கிறார் என்று இந்தத் தூரத்தில் பிரித்துக் கேட்க முடியவில்லை. நடுநடுவே நின்றது. நின்ற இடத்தில் அக்கா அவசரப்படுத்தவில்லை. மறுபடி தொடங்கியது.

"வந்ததுலேருந்து பேசறாரு மாமா" என்றாள் பாப்பா மெல்ல. "மார்க்கெட் முக்குல அது நடந்த அன்னைக்குக் காலையில என்ன சாப்பிட்டாருங்கறதுலேருந்து ஆரம்பிச்சிருக்காரு."

நான் திண்டைப் படியில் போட்டேன். அவள் நகர்ந்து இடம் விட்டாள். இருவரும் உட்கார்ந்திருந்தோம்.